முதியோர் இல்லத்தில் அம்மா மெலிந்துகொண்டே போகிறார்: எதைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: 81 வயதான என் அம்மா நான்கு மாதமாக ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சேர்த்தபோது 52 கிலோ இருந்தார், இப்போது 47. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே கழிப்பறைக்குப் போய் வந்தவருக்கு இப்போது பகலிலும் டயப்பர். பேச்சும் குறைந்துவிட்டது. கேட்டால் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். இடம் சுத்தமாக இருக்கிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை. கவனிப்பு உண்மையில் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புகார் சொன்னால் அம்மா மேல் காட்டிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: நான்கு மாதத்துக்கு முன்பும் உங்கள் அம்மாவுக்கு இதே வயதுதான். முதுமை வருடக்கணக்கில் வேலை செய்யும். வாரக்கணக்கில் ஒருவர் மாறுகிறார் என்றால் நோயோ, மருந்தோ, கவனிப்புக் குறைவோ ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். எது என்று தெரியும்வரை "வயசாச்சு" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முதலில் எடை. 52 கிலோவில் 5 கிலோ என்றால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தில் பொதுவான அளவுகோல். உங்கள் அம்மா நான்கே மாதத்தில் அந்த எல்லையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார். ஆகவே மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, வாய்ப்புண், பசியைக் குறைக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லத்தில் எடை சார்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், எடை இறங்க ஆரம்பித்ததும் என்ன செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. குறித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பது எடையே பார்க்காததைவிட மோசம் என்பது என் கருத்து.

அப்புறம், ஒரு சாப்பாட்டு வேளை முழுவதும் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஊட்டாதீர்கள், பாருங்கள். ஊட்டுபவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா? நின்றுகொண்டு ஊட்டினால், சாப்பிடுபவர் அண்ணாந்துதான் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். அப்போது உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் நழுவ வாய்ப்பு அதிகம். இருமல் வரும். இருமலுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வார். "வேண்டாமாம்" என்று தட்டு போய்விடும். உதவி தேவைப்படும் ஒருவர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்க அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். பத்து நிமிடத்தில் தட்டை எடுக்கிறார்கள் என்றால், மிச்சம் இருப்பதை வைத்து அவருக்குப் பசியில்லை என்று முடிவு கட்ட முடியாது. பல்செட் வைத்திருக்கிறார் என்றால் அது வாயில் இருக்கிறதா, மேசை டிராயரில் இருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்தவர்களுக்குப் பல்செட் தளர்ந்துபோவது உண்டு. மெல்ல முடியாது, அதனால் இன்னும் மெலிவார்கள். பலர் சேர்ந்து வசிக்கும் இடங்களில் பல்செட்டும் மூக்குக்கண்ணாடியும் ஆள் மாறிப்போவதும் நடக்கும்.

டயப்பர் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். திடீரென்று சிறுநீர் கட்டுப்பாடு போவதற்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த நீர் மாத்திரை எனப் பல காரணங்கள் உண்டு, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. அவற்றைத் தேடினார்களா? நடக்கக்கூடியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை "போயிட்டு வரலாமா?" என்று கேட்டு அழைத்துப்போனால் பலருக்குப் பகலில் டயப்பரே தேவைப்படாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். ஆள் பற்றாத ஷிப்டில் டயப்பர் அந்த வேலையை மிச்சப்படுத்துகிறது.

இது மானப் பிரச்சினை மட்டும் இல்லை. அவர் ஒரு நாளில் நடக்கும் நடையே கழிப்பறைக்குப் போய்வருவதுதான் என்றால், டயப்பர் போட்ட அன்றே நடை நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. அதில் கால்களிலிருந்து மட்டும் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஆகவே மேனேஜரிடம் கேட்க வேண்டியது: பகல் டயப்பர் எந்தத் தேதியிலிருந்து, யார் முடிவு, என்ன காரணம்? நல்ல இல்லத்தில் இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கும்.

டயப்பரோடு தண்ணீரும் சம்பந்தப்பட்டது. வயதானவர்களுக்குத் தாகம் மந்தமாகவே தெரியும். போதாக்குறைக்கு, அடிக்கடி மாற்றச் சொல்லிக் கேட்கக் கூசி அவர்களே குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தடை இல்லையென்றால் வயதான பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 லிட்டர் பானம் வேண்டும். டம்ளர் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கை எட்டாத மேசையில் நிறைந்திருக்கும் டம்ளர் மாலையிலும் அப்படியேதான் இருக்கும்.

பேச்சு குறைந்ததை லேசாக விடாதீர்கள். தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ வந்தால் முதியவர்களுக்குத் திடீர் மனக்குழப்பம் வரலாம். எல்லோரும் அதில் கத்த மாட்டார்கள், சிலர் அமைதியாகிவிடுவார்கள். தொந்தரவு தராததால் யார் கண்ணிலும் படாது. இன்னொரு காரணம் மாத்திரை. சேர்த்த பிறகு தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று மருந்துப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களை அடக்கிவைக்கச் சில மனநோய் மருந்துகளைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அவை அவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. அதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள். காது மெஷினில் பேட்டரி தீர்ந்துபோனதும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

தோலையும் பாருங்கள். உடை மாற்றும்போது கூட இருந்து குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் கவனியுங்கள். சிவப்பாக இருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண்ணின் முதல் படி. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, அங்கே சூடும் வலியும் கெட்டிப்பும்தான் அடையாளம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தாலும் இது வரும்.

மருத்துவக் கவனிப்பின் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அவேடிஸ் டொனபேடியன் (1966). பளபளக்கும் தரை, புதுக் கட்டில் எல்லாம் முதல் வகை. இல்லத்தைச் சுற்றிக் காட்டும்போது அதைத்தான் காட்டுவார்கள். உங்களுக்குத் தேவை மற்ற இரண்டும்: அன்றாடம் என்ன செய்கிறார்கள், அதனால் அம்மா எப்படி இருக்கிறார். அதற்கு வழக்கமான நேரத்தில் போகாதீர்கள். சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரம், இரவுச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை என மாற்றி மாற்றிப் போங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பராமரிப்பாளர் என்று கேளுங்கள். அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த சார்ட்டைக் கேட்டு வாங்கி, மூன்று மணிக்கே ஆறு மணிக்கான கையெழுத்து போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுந்திருக்கவே முடியாத ஆழமான நாற்காலியும், முன்னால் பூட்டிவிடும் தட்டும்கூடக் கட்டிப்போடுவதற்குச் சமம்தான். "எங்கள் இல்லத்தில் யாரும் விழுந்ததே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் நான் இன்னும் கூர்ந்து பார்ப்பேன், எழுந்து நடக்கவே விடாவிட்டாலும் யாரும் விழ மாட்டார்கள்.

சரி, புகார். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அடிக்கடி வந்து கேள்வி கேட்கும் குடும்பத்தின் ஆளைத்தான் பெரும்பாலும் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். குறைந்த சம்பளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பராமரிப்பாளரிடம் சத்தம் போடாதீர்கள். எத்தனை ஆள் எந்த ஷிப்டில் என்று தீர்மானிப்பது அவர் இல்லை. பொறுப்பு நர்ஸிடமோ மேனேஜரிடமோ நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். "கவனிப்பு சரியில்லை" என்றால் "நன்றாகத்தான் பார்க்கிறோம்" என்று பதில் வரும். "செவ்வாய் மதியம் 12.40-க்கு வைத்த தட்டை 12.50-க்கு எடுத்துவிட்டார்கள், பாதி மிச்சம்" என்றால் அந்தப் பதில் செல்லாது. வாரம் ஒருமுறை எடை, உட்கார்ந்து ஊட்டுவது, பகலில் கழிப்பறைக்கு அழைத்துப்போவது என மூன்றே கோரிக்கை வையுங்கள். பேசியதை அன்றே செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பிவிடுங்கள். மூன்று வாரம் கொடுக்கலாம்.

மணிக்கட்டிலோ மேற்கையிலோ விரல் பதிந்த மாதிரி கன்றல், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒடுங்குவது, காயத்துக்கும் சொல்லும் காரணத்துக்கும் பொருந்தாமை, ஆழமான படுக்கைப்புண், உங்களைத் தனியாகப் பேசவிடாமை, இவற்றில் எது இருந்தாலும் மூன்று வாரமெல்லாம் கிடையாது. தேதியோடு படம் எடுங்கள், வெளி மருத்துவரிடம் காட்டுங்கள், இல்லங்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், அம்மாவை வெளியே கொண்டுவாருங்கள்.

அப்படி எதுவும் இல்லாமல், மூன்று வாரத்தில் முன்னேற்றமும் இல்லை என்றால் வேறு இடம் தேடலாம். இந்த வயதில் இடம் மாறுவதே ஒரு அதிர்ச்சி என்பதால் கோபத்தில் ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம். புதிய இல்லத்தில் எல்லாவற்றுக்கும் முன்பாக, பராமரிப்பாளர்கள் எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார்கள், ஒருவரை ஒரே ஆள் தொடர்ந்து கவனிப்பாரா என்று கேளுங்கள். மாதம் ஒரு முகம் மாறும் இடத்தில் அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்பதுகூட யாருக்கும் தெரிந்திருக்காது. பழைய இடத்தின் மருந்துப் பட்டியலையும் சார்ட்டுகளின் நகலையும் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். போன பிறகு கேட்டால் அலையவிடுவார்கள்.