லூவாவில் கோரூட்டீன் சத்தமில்லாமல் நின்றுபோவது ஏன்?

கேள்வி: லூவா நிரல்மொழியில் ஒரு சிறிய விளையாட்டை எழுதி வருகிறேன். எதிரி, கதவு, உரையாடல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரூட்டீன் (இடையில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஃபங்ஷன்) உருவாக்கி, எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் வைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் வரிசையாக ரெஸ்யூம் செய்கிறேன், அதாவது எழுப்பித் தொடர வைக்கிறேன். சில வேளைகளில் ஓர் எதிரி அப்படியே உறைந்துவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. ஒரு கோரூட்டீனை இரண்டு விநாடி காத்திருக்க வைத்தாலோ விளையாட்டு முழுவதும் நின்றுவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டு சிக்கல்களையும் சரிசெய்ய வேண்டிய இடம் ஒன்றுதான், கோரூட்டீன்களை வரிசையாக எழுப்பும் அந்த லூப். அது வெறும் லூப் அன்று, உங்கள் விளையாட்டின் ஷெட்யூலர் (எது எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் பகுதி) என்று கருதி அதை எழுத வேண்டும்.

முதலில் உறைந்துபோகும் எதிரியைப் பார்ப்போம். கோரூட்டீனுக்குள் பிழை நேர்ந்தால் அது வெளியே பரவுவதில்லை. ரெஸ்யூம் அதைத் தானே பிடித்துக்கொண்டு, முதல் மதிப்பாக ஃபால்ஸையும் இரண்டாம் மதிப்பாகப் பிழைச்செய்தியையும் திருப்பித் தருகிறது. நீங்கள் ரெஸ்யூமை அழைத்துவிட்டு அது தரும் மதிப்புகளை எந்த மாறியிலும் வாங்காததால், செய்தி வந்த வேகத்திலேயே காணாமற்போகிறது. அந்தக் கோரூட்டீனின் நிலை அதற்குள் டெட் ஆகிவிடும். அடுத்த ஃபிரேமில் அதை மறுபடி எழுப்பும்போது, இறந்த கோரூட்டீனை எழுப்ப முடியாது என்ற இன்னொரு செய்தி வரும். அதையும் யாரும் படிப்பதில்லை.

எனவே முதல் மதிப்பு ஃபால்ஸ் என்றால் செய்தியைப் பதிவு செய்யுங்கள். செய்தியோடு நின்றுவிடவும் வேண்டாம். பிழை நேர்ந்த கோரூட்டீனின் ஸ்டாக்கை (ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கை) லூவா கலைத்துவிடாமல் அப்படியே வைத்திருப்பதால், டீபக் நூலகத்தின் டிரேஸ்பேக்கிற்கு அந்தக் கோரூட்டீனையே முதல் ஆர்கியுமென்டாகக் கொடுத்தால், எந்த ஃபங்ஷனின் எந்த வரியில் விழுந்தது என்பது முழுமையாகத் தெரியும். இந்த வசதியை அறியாமல் பிரின்ட் வரிகளைத் தூவிக்கொண்டிருப்பவர்கள் பலர். கோரூட்டீனைக் கிரியேட்டுக்குப் பதிலாக ரேப் வழியாக உருவாக்கினால் பிழை தானாகவே வெளியே வரும் என்பது உண்மைதான். ஆனால் ஓர் எதிரியின் பிழை விளையாட்டையே நிறுத்திவிடும் என்பதால், ஷெட்யூலருக்குக் கிரியேட்டும் ரெஸ்யூமுமே பொருத்தம் என்பேன். முடிந்துபோன கோரூட்டீன்களைப் பட்டியலிலிருந்து நீக்கும்போது கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். முன்னிருந்து நீக்கினால் அடுத்தது ஓரிடம் நகர்ந்து, அந்த ஃபிரேமில் அதன் முறை தவறிவிடும்.

அடுத்தது காத்திருத்தல். கோரூட்டீன்கள் இயங்குதளத்தின் திரெட்கள் அல்ல. ஒரு நேரத்தில் ஒன்றே ஓடும். அது தானாக யீல்ட் செய்யாதவரை, அதாவது நின்று வழிவிடாதவரை, மற்ற எதற்கும் முறை வராது. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி, கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு விநாடி சுற்றும் வெற்று லூப் 120 ஃபிரேம்களை விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக, எத்தனை விநாடி என்பதை யீல்ட் வழியாக ஷெட்யூலரிடம் சொல்லுங்கள். ரெஸ்யூம் திருப்பித் தரும் இரண்டாம் மதிப்பாக அது வந்து சேரும். ஷெட்யூலர் அதை அப்போதைய நேரத்தோடு கூட்டி எழுப்பவேண்டிய நேரமாகக் குறித்துக்கொண்டு, அந்நேரம் வரும்வரை அந்தக் கோரூட்டீனைத் தொடாமல் கடந்து செல்லட்டும். லூவாவில் எத்தனை ஃபங்ஷன்களுக்கு அடியிலிருந்தும் யீல்ட் செய்யலாம் என்பதால், ‘காத்திரு’ என்று ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி எங்கிருந்தும் அழைத்துக்கொள்ளலாம்; பைத்தானின் ஜெனரேட்டர்களில் இந்தச் சுதந்திரம் இல்லை.

நெட்வொர்க்கில் படிப்பதற்கும் இதே விதிதான். லூவாவுக்கான நெட்வொர்க் நூலகமான லூவாசாக்கெட்டில் டைம்அவுட்டைச் சுழியம் என அமைத்து, தரவு வராவிட்டால் யீல்ட் செய்து பிறகு மறுபடி முயலுங்கள். அப்போது மூன்றாம் மதிப்பாக வரும் அரைகுறைத் தரவைச் சேமித்துக்கொள்ள மறந்தால் அது தொலைந்துபோகும்.

யீல்ட் செய்ய முடியாத இடங்களும் உண்டு. டேபிள் சார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டு ஃபங்ஷனுக்குள்ளோ, உரையில் தேடி மாற்றும் ஜிசப்பின் கால்பேக்குக்குள்ளோ யீல்ட் செய்தால், இடையில் சி மொழி அழைப்பு இருக்கிறது என்று லூவா மறுத்துவிடும். லூவா 5.1-இல், பிழையைப் பிடிக்கப் பயன்படும் பிகாலுக்குள்ளும் இதே தடை இருந்தது; 5.2-இல் அது நீங்கியது.

இரண்டு யீல்ட்களுக்கு இடையே வேறு கோரூட்டீன் குறுக்கிடாது என்பதால் லாக் எதுவும் தேவையில்லை. ஆனால் யீல்டுக்கு முன் படித்த மதிப்பை அதற்குப் பின் நம்பக் கூடாது. கையிருப்பு 100 நாணயம் என்று படித்துவிட்டு, உறங்கி எழுந்து, 30-ஐக் கழித்து 70 என்று எழுதினால், இடைப்பட்ட நேரத்தில் வேறொரு கோரூட்டீன் சேர்த்த நாணயங்கள் அழிந்துபோகும். எழுந்தபின் மறுபடி படித்துக் கழியுங்கள்.

எதிரி பாதி வேலையில் கொல்லப்பட்டால், பொதுவாக அதன் கோரூட்டீனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலே போதும். வேறெங்கும் அதைச் சுட்டும் மாறி இல்லையென்றால், பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும். அது ஏதேனும் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், லூவா 5.4-இல் அந்தக் கோப்பை குளோஸ் என்ற குறியிட்ட லோக்கல் மாறியில் வைத்திருங்கள். கோரூட்டீன் நூலகத்தின் குளோஸை அழைக்கும்போது கோப்பும் அப்போதே மூடப்படும்.