கோலாலம்பூரில் கல்லூரி நீச்சல் பயிற்றுநராக முடியுமா? வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

பள்ளி அணியில் நீந்தியிருக்கிறீர்கள், டிப்ளோமா முடிக்கப் போகிறீர்கள், இதையே தொழிலாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் இருப்பதுபோல் முழுநேரச் சம்பளம், உதவியாளர்கள், சொந்தக் குளம் என்று மனத்தில் ஒரு படம் இருந்தால் அதை முதலில் அழித்துவிடுங்கள். இங்கே தனியார் கல்லூரிகளில் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் கூலி. மாணவர் விவகாரப் பிரிவு கூப்பிடும், வாடகைக் குளத்தில் வாரம் மூன்று நாள் பயிற்சி, போட்டி முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிடும். அரசுப் பல்கலைக்கழக விளையாட்டு மையங்களில் நிரந்தரப் பதவிகள் உண்டு. அவை அதிகாரி வேலைகள்; பட்டம் வேண்டும், குளக்கரையைவிடக் கோப்புகளோடுதான் அதிக நேரம் போகும்.

தகுதி விஷயம் சிக்கலில்லாதது. தேசிய விளையாட்டுக் கழகத்தின் விளையாட்டு அறிவியல் படிப்பு 3 நிலைகளில் இருக்கிறது. நீச்சலுக்கான தனிப் பயிற்றுநர் படிப்பு அதற்கு வேறு. இரண்டிலும் முதல் நிலையை முடித்துவிட்டு, உயிர்காப்புச் சான்றிதழும் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி) பயிற்சியும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். நன்றாக நீந்துவேன் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போனால் உதவிப் பயிற்றுநராகவே வருடங்கள் ஓடிவிடும்.

வேலையின் உயிர்நாடி லேன் கணக்கு. லேன் என்பது குளத்தில் பிரித்துவிட்ட நீச்சல் தடம். 4 லேன், 24 மாணவர்கள், 90 நிமிடம் என்பது சாதாரண நிலைமை. லேனுக்கு 6 பேர், ஒரே பக்கமாகச் சுற்றி நீந்த வேண்டும். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டரை 1 நிமிடம் 32 விநாடியில் போகிறவர் ஒரு முறை போய் வருவதை, அதாவது 50 மீட்டரை, ஏறக்குறைய 46 விநாடியில் முடிப்பார். ஆட்களை 10 விநாடி இடைவெளியில் விட்டால் ஆறாவது ஆள் கிளம்புவது 50ஆவது விநாடியில். முதல் ஆள் அதற்குள் திரும்பி வந்து, சுவரில் நிற்பவர் மீது மோதுவார். 5 விநாடி இடைவெளியில் விட்டால் கடைசி ஆள் 25ஆவது விநாடியிலேயே போய்விடுவார். சுவர் காலியாக இருக்கும். இந்தக் கணக்கு தெரியாத பயிற்றுநரின் வகுப்பில் எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள், நீந்துவது பாதி நேரம்தான்.

லேன் பிரிப்பதை நட்பை வைத்துச் செய்யாதீர்கள், வேகத்தை வைத்துச் செய்யுங்கள். அதற்கு 400 மீட்டர், 200 மீட்டர் சோதனை போதும். இரண்டையும் டைவ் இல்லாமல் சுவரைத் தள்ளித் தொடங்க வேண்டும், நடுவில் முழு ஓய்வு. ஒருவர் 400ஐ 5:50, 200ஐ 2:45 என்று முடித்தால் வித்தியாசம் 185 விநாடி; அது கூடுதலாக நீந்திய 200 மீட்டருக்கானது. பாதியாக்கினால் 100 மீட்டருக்கு 92.5 விநாடி. இதுதான் அவர் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். இந்த வேகத்தில் 10 தடவை 100 மீட்டர், 1:50க்கு ஒரு முறை கிளம்பு என்று கொடுத்தால் 17 விநாடிபோல ஓய்வு கிடைக்கும்.

தப்பு நடப்பது சோதனையில்தான். 400இல் முதல் 100ஐப் பறந்து போய் பிறகு தொங்கிவிட்டால் வித்தியாசம் பெரிதாகி, வேகம் உண்மையைவிட மெதுவாகத் தெரியும். 200ஐக் களைப்போடு இழுத்து நீந்தினால் வித்தியாசம் சுருங்கி, வேகம் அதிகமாகத் தெரியும். அந்த மாணவர் 4ஆவது, 5ஆவது தடவையிலேயே குலைந்துபோவார். குலைந்தால் சோம்பேறி என்று திட்டாமல், சோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள்.

கல்லூரிக்கு வருகிறவர்களில் பலர் 18 வயதுக்கு மேல்தான் ஒழுங்கான பயிற்சியைப் பார்க்கிறார்கள். நாள் குறைவாக இருக்கும்போது மூச்சுத்திறனை விடத் திருப்பங்களும் தொடக்கமும்தான் சீக்கிரம் பலன் தரும்: 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு 3 திருப்பங்கள் இருக்கின்றன. பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை என்ற இரண்டு நீச்சல் வகைகளிலும் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் சுவரைத் தொடாமல் தகுதியிழப்பது, கைக்கு வந்த பதக்கத்தைத் தானம் கொடுப்பது மாதிரி. புக்கிட் ஜாலில் போன்ற 50 மீட்டர் குளத்தில் போட்டி என்றால் குறைந்தது சில நாளாவது நீளக் குளத்தில் பயிற்சி எடுங்கள். 25இலேயே பழகியவர்கள் நடுவில் தள்ள சுவர் இல்லாமல் 35 மீட்டருக்குப் பிறகு தடுமாறுவார்கள்.

தோள் வலி தாமதமாகத் தொடங்கியவர்களின் நிரந்தரத் துணை. கை தலைக்கு நேரே நடுக்கோட்டைத் தாண்டி விழுகிறதா என்று குளத்தின் முனையில் நின்று பாருங்கள். பக்கவாட்டிலிருந்து அது தெரியாது. வலி வந்தவருக்குக் கிக் போர்டை (கையில் பிடிக்கும் மிதவைப் பலகை) கொடுத்துக் கால் மட்டும் அடிக்கச் சொல்வது பலர் செய்யும் தப்பு. கையை நீட்டிப் போர்டைப் பிடிப்பதே தோளை அழுத்தும். கைகளை உடம்போடு வைத்து மல்லாந்து கால் அடிக்கச் சொல்லுங்கள். கைத்துடுப்புகளை (உள்ளங்கையில் மாட்டும் பயிற்சித் தட்டுகள்) அலமாரியிலேயே பூட்டி வையுங்கள்.

மூச்சடக்கிப் போட்டி போடுவதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு நீருக்கடியில் போனால் உடம்பிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வே வராமல் நினைவு போய்விடும். இடுப்பளவு தண்ணீரிலும் ஆள் போவார், சத்தமே இருக்காது.

இடி இன்னொரு எதிரி. கோலாலம்பூரில் மதியத்துக்குப் பிறகு, அதிலும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், திறந்தவெளிக் குளத்தை நம்பிப் பயிற்சி போடுவது சூதாட்டம். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் எல்லாரையும் வெளியேற்றுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக்கூடாது. அதனால்தான் அனுபவசாலிகள் காலை ஆறு மணிக்கு அணியை வரச் சொல்கிறார்கள். மாணவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் மாணவர்களுக்குக் கடின பயிற்சியை நோன்பு திறந்த பிறகு இரவில் மாற்றுங்கள், அல்லது பகலில் நுட்பப் பயிற்சியோடு நிறுத்துங்கள்.

பணம். மணிக்கூலியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். பெரும்பாலானவர்கள் மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துத்தான் சமாளிக்கிறார்கள். சுயதொழில் செய்பவர் கணக்கில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) தானாக ஏறாது, ஐ-சாரான் என்ற அதன் சுயதொழில் திட்டம் மூலம் நீங்களே கட்ட வேண்டும். சொக்சோவிலும் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள், ஈரத் தரையில் எப்போது வழுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நேர்காணலுக்கு 12 வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதி எடுத்துப் போங்கள். கையெழுத்துப் போடுமுன் நீங்களும் கேளுங்கள்: எத்தனை லேன், எந்த நேரம், உயிர்காப்பாளர் குளத்தின் ஆளா அல்லது நீங்களேதானா, இடியால் ரத்தாகும் வகுப்புக்குக் கூலி உண்டா? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்.