புதிதாக முளைத்த எக்ஸ் கதிர்ப் புள்ளி: கேள்வி பதில்

கேள்வி: நேற்றுவரை எதுவும் இல்லாத இடத்தில் எக்ஸ் கதிர் தோன்றினால் யார் கண்ணில் முதலில் படும்?

பதில்: காற்றுமண்டலம் எக்ஸ் கதிரை விழுங்கிவிடுவதால், காவல் எல்லாம் விண்வெளியில்தான். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இருக்கும் ஜப்பானின் மாக்ஸி கருவி, நிலையம் பூமியை ஒருமுறை சுற்றும் சுமார் 92 நிமிடங்களில் வானின் பெரும்பகுதியைத் துழாவிவிடுகிறது. 2024 ஜனவரியில் சீனா ஏவிய ஐன்ஸ்டீன் புரோப் இன்னும் மங்கலானவற்றையும் பிடிக்கிறது.

கேள்வி: பளிச்சென்று தெரிந்ததும் ‘புதியது’ என்று அறிவித்துவிடலாமா?

பதில்: கூடாது! முதலில் பழைய பட்டியல்களைப் புரட்ட வேண்டும். 1975 ஆகஸ்டில் ஏரியல் 5 செயற்கைக்கோள் ஏ0620-00 என்ற மூலத்தைக் கண்டது. சில நாட்களில் அது, சூரியனை விட்டால், வானிலேயே மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலமாகிவிட்டது. பிறகு பழைய வான்படத் தகடுகளைத் தேடினால், அதே நட்சத்திரம் 1917-லும் பொங்கியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கதை இது.

கேள்வி: இடையில் 58 ஆண்டுகள் அது என்னதான் செய்துகொண்டிருந்தது?

பதில்: சேமித்துக்கொண்டிருந்தது. இது ஒரு ஜோடி: நடுவில் மிக அடர்ந்த ஒரு பொருள், அதைச் சுற்றும் ஒரு துணை நட்சத்திரம். துணையிலிருந்து கசியும் வாயு நேராக உள்ளே விழாது. வட்டத்தட்டாகச் சுழன்றபடி சேரும். தட்டின் வெப்பம் ஏறி ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழந்து அயனியாகும் நிலை வந்ததும், உராய்வு கூடி, சேர்ந்ததெல்லாம் மளமளவென்று உட்புறம் பாய்கிறது. உள்விளிம்பு பல பத்து லட்சம் டிகிரிக்குச் சூடாகி எக்ஸ் கதிரைக் கொட்டுகிறது. அடங்கச் சில மாதங்கள் ஆகும்.

கேள்வி: நடுவில் இருப்பது கருந்துளையா, நியூட்ரான் நட்சத்திரமா?

பதில்: சில விநாடிகள் நீடிக்கும் அணுக்கரு வெடிப்புகள் தெரிந்தால் நியூட்ரான் நட்சத்திரம்; வெடிக்க ஒரு மேற்பரப்பு வேண்டுமே, கருந்துளைக்கு அது கிடையாது. அவை தெரியாவிட்டால் கருந்துளை என்று முடிவுகட்டிவிட முடியாது. பொங்குவது அடங்கியபின் துணை நட்சத்திரத்தின் வேகத்தை அளக்க வேண்டும். ஏ0620-00-இன் துணை 7.75 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதை வைத்து, நடுவில் இருப்பது சூரியனைப்போல் 3 மடங்குக்கும் மேற்பட்ட நிறையுள்ளது என்று 1986-இல் கணக்கிட்டார்கள். நியூட்ரான் நட்சத்திரத்துக்கு அது அதிகம்.

கேள்வி: இன்னொரு மூலத்தை ‘மாக்ஸி ஜே1820+070’ என்கிறார்களே, அது என்ன பெயர்?

பதில்: கண்ட கருவியும் வானத்து முகவரியும்: வல ஏற்றம் (வானத்துத் தீர்க்கரேகை) 18 மணி 20 நிமிடம், நடுவரை விலக்கம் (வானத்து அட்சரேகை) வடக்கே 7.0 பாகை. அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டுத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு இதில் வேலை உண்டா?

பதில்: எக்ஸ் கதிரில் இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் உண்டு. மேலே சொன்ன மாக்ஸி ஜே1820+070 2018 மார்ச்சில் எக்ஸ் கதிரில் பிடிபடுவதற்குச் சில நாட்கள் முன்பே சாதாரண ஒளியில் பிரகாசமாகியிருந்தது. அப்போது 20 செ.மீ. தொலைநோக்கியும் ஒரு கேமராவும் போதுமாயிருந்தன, அதன் மினுக்கலைப் பதிவுசெய்ய.