பிரிட்டன்ல ரைஃபிள் வச்சு மான் ஸ்டாக்கிங்: கேளுங்க, சொல்றேன்

கொஞ்ச வருஷமா இங்க ஸ்டாக்கிங் போறேன், அதாவது மான் இருக்குற இடத்துக்கு பதுங்கிப் பதுங்கி கிட்ட போய் சுடுற வேட்டை, போன வாரம் ஃபோட்டோ போட்டதுல இருந்து ஆளாளுக்கு கேக்குறீங்க, எல்லாத்துக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன்.

அண்ணே, காசு இருந்தா ரைஃபிள் வாங்கிடலாமா?
காசெல்லாம் கடைசி தம்பி. முதல்ல போலீஸ்கிட்ட ஃபயர்ஆர்ம் சர்டிஃபிகேட், 1968 சட்டப்படி. ஆசையா இருக்குன்னு சொன்னா தர மாட்டாங்க, எந்த நிலத்துல எதுக்கு சுடப்போறேன்னு சொல்லணும், டாக்டர்கிட்ட மெடிக்கல் விவரம் கேப்பாங்க, வீட்டுக்கே வந்து துப்பாக்கி வைக்கிற இரும்பு அலமாரிய பாப்பாங்க. எத்தனை தோட்டா வச்சிருக்கலாம்ங்கறது வரைக்கும் அதுல எழுதியிருக்கும். 5 வருஷம் செல்லும்.

.22 போதாதா?
போதவே போதாது. இங்கிலாந்துல ரெட், ஃபேலோ, ரோ மானுக்கெல்லாம் .240க்கு கீழ கேலிபர் (துப்பாக்கிக் குழலோட விட்டம், இன்ச்ல) கூடாது, எனர்ஜி 1700 அடி-பவுண்டு வேணும், குண்டும் பட்டதும் விரியுற ரகமா இருக்கணும். குட்டையா இருக்குமே மன்ட்ஜாக், அதுக்கும் சைனீஸ் வாட்டர் டீர்ங்கற மானுக்கும் மட்டும் .220, 1000ன்னு சலுகை. ஸ்காட்லாந்துல கேலிபர பாக்காம குண்டோட எடை, வேகம், எனர்ஜின்னு பாப்பாங்க. நான் .308 வச்சிருக்கேன், ரெண்டு பக்கமும் தலைவலி இல்ல.

எந்த மாசம் போகலாம் சார்?
இங்கிலாந்துல ரோ ஆண் மான் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31, பெட்டை நவம்பர் 1 முதல் மார்ச் 31. ஸ்காட்லாந்துல ஆண் மானுக்கு இருந்த தடைக்காலத்த 2023ல எடுத்துட்டாங்க, பெட்டைக்கு இன்னும் இருக்கு, குட்டி அனாதையாகிடும்ல. சூரியன் மறைஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல லைசென்ஸ் இல்லாம சுட்டா கேஸ்தான். நிலத்துக்காரர் அனுமதி இல்லாம காலே வைக்காதீங்க.

கிட்ட போறதுதான் கஷ்டமாமே?
அதாங்க விளையாட்டே! காத்து மூஞ்சில அடிக்கணும், முதுகுல அடிச்சா நம்ம வாடை மானுக்குப் போயிடும். ஒரு தடவை ஈரப் புதர்ல ரெண்டு மணி நேரம் வயித்தால ஊர்ந்து போயிருக்கேன், கடைசி நிமிஷம் பிடரில சில்லுனு ஒரு காத்து, அவ்ளோதான், அந்த ரோ நாய் மாதிரி ஒரு குரை குரைச்சுட்டு ஓடிப்போச்சு. இன்னொண்ணு, மான் மேட்டு உச்சில வானத்த ஒட்டி நின்னா எவ்ளோ அழகா இருந்தாலும் சுடாதீங்க, பின்னாடி குண்ட வாங்க மண்ணு இல்ல, அந்தப்பக்கம் யாரு நடக்குறாங்களோ.

சுட்ட உடனே ஓடிப்போய் தூக்கிடலாமா அண்ணா?
ஐயோ, வேணாம்மா. அடுத்த தோட்டாவ ஏத்திட்டு அப்படியே உக்காரு, ஒரு பத்து நிமிஷம். அப்புறம் ரத்தத்த பாரு, நுரையா ரோஸ் கலர்னா நுரையீரல், பக்கத்துலயே விழுந்திருக்கும். கருத்த ரத்தத்தோட பச்சையா ஏதாவது கலந்திருந்தா குடல்ல பட்டிருக்கு, அதுக்கு நாய் வேணும், நாள் முழுக்க தேடணும், மனசு கெட்டுப்போகும். விழுந்து கிடந்தாலும் முதுகுப்பக்கமா போய் குச்சி நுனியால கண்ண தொடு, இமை ஆடலன்னாதான் செத்துருக்கு. உடனே குடல எடுக்கணும், கிரேலக்னு பேரு, லேட்டானா கறி நாறிடும். மலைல இருந்து இழுத்துட்டு வர உதவுற ஆளுக்கு கில்லின்னு பேரு, நம்ம கில்லி தாண்டு இல்ல.

ஊருக்கு வர்றப்ப இங்க காட்டுல ஒரு ரவுண்டு போலாமா மச்சி?
1972 வனவிலங்கு சட்டம்னு ஒண்ணு இருக்கு மாப்ள, புள்ளிமான சுட்டா நேரா ஜெயில்தான். பைனாகுலர் எடுத்துட்டு வர்றேன், முதுமலை போய் பாத்துட்டு வருவோம்.