குடல் அழற்சி நோயில் வெள்ளை அணுக்களுக்கு என்ன வேலை? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குரோன்ஸ் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டையும் சேர்த்துத்தான் குடல் அழற்சி நோய் என்கிறோம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் கிள்ளி எடுக்கும் பயாப்சித் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் நோய்க்குறியியல் மருத்துவர் நான். மருந்து, அளவு எல்லாம் உங்கள் குடல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. ரிப்போர்ட்டில் வரும் சொற்களுக்குப் பின்னால் குடலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் வந்தது என்று அம்மா தினமும் கஷாயம் கொடுக்கிறார். சரிதானா டாக்டர்?

அம்மாவின் கவலை புரிகிறது. ஆனால் தம்பிக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லை, அது அடங்க மறுக்கிறது. குடலின் உட்சுவரில் செல்கள் ஒரே ஒரு வரிசையாகத்தான் நிற்கின்றன. அந்த வேலிக்கு அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியா, இந்தப் பக்கம் உடலிலேயே பெரிய எதிர்ப்பு அணுக் கூட்டம். நலமான குடலில் இரண்டும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. வேலி தாண்டி வரும் பாக்டீரியாவை மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு அணுக்கள் ஆர்ப்பாட்டமில்லாமல் விழுங்கிவிடும். டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களில் ஒரு வகை மற்ற அணுக்களை அடக்கி வைக்கும். அந்த அடக்கம் குலைவதுதான் இந்த நோய். ஆகவே சக்தியைக் கூட்ட வேண்டும் என்ற எண்ணமே இங்கே பொருந்தாது. கஷாயத்தில் என்னென்ன சேர்கிறது என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

என் ரிப்போர்ட்டில் 'கிரிப்ட் ஆப்ஸஸ்' என்று இருக்கிறது. ஆப்ஸஸ் என்றால் சீழ்க்கட்டி இல்லையா? ஆபரேஷன் வேண்டுமா?

வேண்டாம், பயப்படாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத அளவு. எங்களிடம் வரும் துணுக்கு அரிசி நொய் அளவுதான் இருக்கும். மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், பெருங்குடல் சுவரில் வரிசையாகக் குழிகள் தெரியும், சோதனைக் குழாய்களை நெருக்கி அடுக்கியது போல. அவைதான் கிரிப்ட். ஆரோக்கியமான கிரிப்ட்டின் உள்வெளி காலியாக இருக்கும். நோய் தீவிரமாக இருந்தால் அதற்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அடைந்து கிடக்கும். ஒவ்வொன்றின் உட்கருவும் மூன்று நான்கு மணிகளைக் கோத்ததுபோல ஊதா நிறத்தில் இருப்பதால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இவை கிருமியைக் கொல்ல வந்தவை. ஆனால் கிருமியைக் கரைக்க வைத்திருக்கும் நொதிகள் நம் குடல் செல்லையும் கரைக்கும். வேலி இன்னும் கிழியும், பாக்டீரியா உள்ளே வரும், மேலும் நியூட்ரோஃபில்கள் ஓடி வரும். மலத்தில் நீங்கள் பார்க்கும் இரத்தமும் சளியும் இந்தச் சுழற்சியின் விளைவுதான்.

மலப் பரிசோதனையில் கால்ப்ரோடெக்டின் கூடியிருக்கிறது என்கிறார்கள். அது என்ன?

அதே நியூட்ரோஃபில்தான். அதன் உள்திரவத்தில் இருக்கும் புரதத்தில் ஏறத்தாழ பாதி கால்ப்ரோடெக்டின். அணுக்கள் குடலுக்குள் கொட்டினால் மலத்தில் இதன் அளவு ஏறும். பொதுவாக ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 250-ஐத் தாண்டினால் அழற்சி தீவிரமாக இருக்கக்கூடும். தொற்று வயிற்றுப்போக்கிலும், வலி மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

இத்தனை அணுக்களில் எதுதான் குற்றவாளி? அதை மட்டும் நிறுத்தினால் போதாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நியூட்ரோஃபில் கூப்பிட்டதற்கு வந்தது. கூப்பிட்டது யார்? இரத்தத்திலிருந்து புதிதாக வரும் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் நல்ல குடலில் சாதுவான மேக்ரோஃபேஜாக மாறும். அழற்சியுள்ள குடலிலோ அவை டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-23 போன்ற தூதுப் பொருள்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-23 டி அணுக்களில் ஒரு பிரிவை உசுப்பிவிட, அவை இன்டர்லூக்கின்-17-ஐச் சுரந்து நியூட்ரோஃபில்களை வரவழைக்கின்றன.

அப்படியானால் 17-ஐத் தடுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்படித்தான் நினைத்தார்கள். சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு நன்றாகக் கேட்கும் செகுகினுமாப் என்ற மருந்தைக் குரோன்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: பலன் இல்லை, வெற்று மருந்து பெற்றவர்களைவிடத் தொல்லைகள்தான் அதிகம். குடல் வேலியைப் பழுதுபார்க்கவும் அதே 17 தேவைப்படுகிறது என்பது இப்போதைய விளக்கம். ஆனால் ஒரு படி மேலே போய் 23-ஐத் தடுக்கும் மருந்துகள் வேலை செய்கின்றன. ஆகவே ஒரே ஒரு குற்றவாளி என்று கைகாட்ட முடியாது. உங்களுக்குச் சோரியாசிஸும் இருந்தால் குடல் நோயைப் பற்றித் தோல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்ஃப்ளிக்சிமாப் போடும் முன் டி.பி. டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு இருமலே இல்லையே?

தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. மேக்ரோஃபேஜ்கள் அதைச் சுற்றிக் கூடி கிரானுலோமா என்ற அடைப்புக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. அந்தப் பூட்டு டி.என்.எஃப். இந்த ஊசி தடுப்பதும் அதைத்தான். அமெரிக்காவில் 1998-இல் குரோன்ஸ் நோய்க்கு அனுமதி கிடைத்த மருந்து இது. 2001-இலேயே, ஊசி போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக மருத்துவ இதழில் அறிக்கை வந்துவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. குரோன்ஸ் நோயிலும் கிரானுலோமா வரும், குடல் காசநோயிலும் வரும். காசநோயில் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருப்பது வழக்கம். குரோன்ஸில் சிறியதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். பல துணுக்குகளில் இப்படித் தெளிவாகத் தெரியாது. 'இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்' என்று எழுதும்போது எனக்கே மனசு கனக்கும். ஆனாலும் துணிந்து தவறாக எழுதுவதைவிட அதுவே நல்லது.

வெடோலிசுமாப் 'குடலுக்கு மட்டும்' என்கிறார்களே, எப்படி?

குடலுக்குப் போகும் டி அணுக்களின் மேல் ஆல்ஃபா-4-பீட்டா-7 என்ற கொக்கி இருக்கும். குடல் இரத்தக் குழாய்ச் சுவரில் அதற்கேற்ற வளையம் உண்டு. மருந்து கொக்கியில் போய் உட்கார்ந்துகொள்வதால் அணு குடலுக்குள் இறங்க முடியாது. மற்ற உறுப்புகளின் பாதுகாப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஒரு வருஷமாக இரத்தமே போகவில்லை. ஸ்கோப்பிலும் சுத்தம் என்றார்கள். மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த ஸ்கோப்பில் பயாப்சி எடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். கொலைட்டிஸில் கேமராவுக்குச் சுத்தமாகத் தெரிந்த இடத்திலிருந்து வந்த துணுக்கிலும் கிரிப்ட் சுவரில் நியூட்ரோஃபில்கள் நுழைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.