எம்பிஏ இருக்கட்டும், முதலில் தேர்தலில் நிற்கச் சொல்லுங்கள்

தம்பி, உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். உங்கள் மனைவி அமெரிக்காவில், வட கரோலினாவின் டர்ஹாமில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண், வயது 31, ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் மருத்துவ மென்பொருள் கம்பெனியில் பிராஜெக்ட் மேனேஜர். டைரக்டர் பதவி இரண்டு தடவை கைக்கு வந்து நழுவியது, இரண்டு தடவையும் "வேலையில் குறை இல்லை, தலைமைக்கான தோரணைதான் போதவில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். உடனே அவருடைய அம்மா, சர்ச்சில் டீக்கனாக இருக்கும் மாமா, போதாக்குறைக்கு மதுரையிலிருந்து உங்கள் அப்பா, எல்லோரும் சேர்ந்து வேலையை விட்டுவிட்டுப் பெரிய பெயருள்ள காலேஜில் இரண்டு வருட எம்பிஏ படிக்கச் சொல்கிறார்கள். பயப்படாதீர்கள், உங்கள் மனைவிக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. ஆறுதல் இத்தோடு சரி, இனி கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன்.

உங்கள் மாமியார் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரிகிறது. மற்றவர்கள் செய்வதைவிட இரண்டு மடங்கு செய்தால்தான் அவர்களுக்குக் கிடைப்பதில் பாதியாவது கிடைக்கும் என்பது கறுப்பினக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைப்பது, அது அனுபவத்தில் வந்த பேச்சு, அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இன்னொரு பட்டம் வாங்கிவிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும் என்று நினைப்பதில்தான் கோளாறு இருக்கிறது. தோரணை போதவில்லை என்று சொன்ன மேலாளரிடம் எந்த மீட்டிங்கில், எந்த முடிவில் என்று கேட்டால் பதில் வராது. பதிலே இல்லாத குறையை எந்தக் காலேஜ் தீர்த்துவைக்கும்? ஃபார்ச்சூன் 500, அதாவது வருமானத்தில் அமெரிக்காவின் முதல் 500 கம்பெனிகள் பட்டியலில் உள்ள ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அர்சுலா பர்ன்ஸ், 1980-இல் ஜெராக்ஸில் கோடைகால இன்டர்னாக நுழைந்தவர், 2009-இல் அதன் சிஇஓ ஆனார், படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வால்கிரீன்ஸ் மருந்துக்கடைக் கம்பெனியின் தலைமைக்கு 2021-இல் வந்த ராசலிண்ட் புரூவர் ஸ்பெல்மன் காலேஜில் வேதியியல் படித்தவர். இரண்டு பேரிடமும் எம்பிஏ இல்லை. மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்.

சரி, பணத்துக்கு வருவோம். பெரிய பெயருள்ள காலேஜ்களில் ஃபீஸ், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு 2 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அதோடு இரண்டு வருடச் சம்பளமும் போச்சு. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர்தான். மருத்துவம், சட்டம் போன்ற சில படிப்புகளுக்கு மட்டும் அதற்கு மேல் உண்டு, எம்பிஏ அதில் சேராது. மிச்சத்தை நிரப்பிக்கொண்டிருந்த கிராட் பிளஸ் என்ற இன்னொரு அரசுக் கடனும் புதியவர்களுக்குக் கிடையாது. அப்படியென்றால் மீதிப் பணத்துக்குத் தனியார் வங்கிக் கடன், இல்லாவிட்டால் மாமியார் சொல்வது போல அவருடைய வீட்டின் மேல் கடன். அந்த வீட்டைத் தொடாதீர்கள், தம்பி. டர்ஹாமில் கறுப்பினர் வாழ்ந்த ஹேட்டை பகுதியை இடித்து நெடுஞ்சாலை போட்டபோது தன் பெற்றோர் வீட்டை இழந்ததை அவரே பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியை சம்பளத்தில் கட்டி முடித்த வீட்டை ஒரு பட்டத்துக்காக மறுபடி அடமானம் வைக்க நான் ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன். புரூக்கிங்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இளங்கலை முடித்து நான்கு வருடம் கழித்துக் கறுப்பினப் பட்டதாரியின் சராசரிக் கடன் சுமார் 53,000 டாலர், வெள்ளையருடையது சுமார் 28,000. அந்த இடைவெளி அவ்வளவு பெரிதானதற்கு முதுகலைக் கடனும் ஏறிக்கொண்டே போகும் வட்டியும்தான் முக்கியக் காரணம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வயதானவர்கள் ஆஸ்பத்திரி பில்லையும் கார் லோன் காகிதத்தையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள், அவரும் மதியச் சாப்பாட்டை மறந்து விளக்கிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை வைத்துத்தான் நான் பேசப்போகிறேன். மென்டர், லிங்க்டின், லீடர்ஷிப் கோச் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

அவர் கணக்கு வைத்திருக்கும் கிரெடிட் யூனியனில் இயக்குநர் குழுவுக்குப் போட்டியிடச் சொல்லுங்கள். நம் ஊர்க் கூட்டுறவு சிக்கனக் கடன் சங்கத்தின் அமெரிக்க உடன்பிறப்புதான் அது, உறுப்பினர்கள்தான் முதலாளிகள், ஒரு லட்சம் டாலர் போட்டவருக்கும் ஐம்பது டாலர் போட்டவருக்கும் ஒரே ஓட்டு. ஃபெடரல் சார்ட்டர், அதாவது மத்திய அரசின் உரிமம் உள்ளவற்றில் இயக்குநர்களுக்கு, அநேகமாக, சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத வேலை எதற்கு என்று உங்கள் அப்பா கேட்பார். சிஇஓவை நியமிப்பது, அவருக்குச் சம்பளம் நிர்ணயிப்பது, வருடா வருடம் அவருடைய வேலையை மதிப்பிடுவது, யாருக்கு என்ன நிபந்தனையில் கடன் என்ற கொள்கையை வகுப்பது, எல்லாம் இந்தக் குழுவின் கையில். கம்பெனியில் அந்த இருக்கைக்குப் போக உங்கள் மனைவிக்கு இன்னும் பதினைந்து வருடம் ஆகலாம். இங்கே சிஇஓவே இவரிடம் அறிக்கை கொடுப்பார்.

அப்படிப்பட்ட ஒன்றில் தேர்வானால் ஆறு மாதத்துக்குள் பேலன்ஸ் ஷீட்டையும் வரவு செலவு அறிக்கையையும் படித்துப் புரிந்துகொள்ளவும், நிர்வாகத்திடம் பொருளுள்ள கேள்வி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபெடரல் விதி. அதற்கு எம்பிஏ தேவையில்லை. உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியான டர்ஹாம் டெக்கில் நிதிக் கணக்கியல் பாடம் ஒன்று போதும், மாநிலத்துக்காரருக்கு ஒரு கிரெடிட் (பாட அலகு) 76 டாலர், நாலு கிரெடிட் என்றால் 304, அப்புறம் சில்லறைக் கட்டணங்கள். படிப்புச் செலவுக்கு வருடம் 5,250 டாலர் வரை கம்பெனி வரியில்லாமல் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, எச்ஆரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இயக்குநர் குழு கூடுவதற்கு முன்னால் ஒரு கட்டுக் காகிதம் வரும். அதில் 60 நாளுக்கு மேல் தவணை நின்றுபோன கடன்கள் என்று ஒரு வரி இருக்கும். போன காலாண்டைவிட அது ஏன் கூடியது என்று, தன்னைவிட இருபது வயது மூத்த, பதில் சொல்லப் பிரியமில்லாத ஒருவரிடம், குரல் உயராமல், பதில் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும். தோரணை என்று கம்பெனியில் சொல்கிறார்களே, அது இப்படிக் கேட்டுக் கேட்டு வருவதுதான். வீட்டுக்கு வந்ததும் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்: எந்தக் கேள்வியை விழுங்கினேன், யார் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். சிஇஓவை மதிப்பிடும் படிவத்தை உங்கள் மனைவியே நிரப்பும்போது "இன்னும் தோரணை வேண்டும்" என்பது போன்ற மொட்டை வார்த்தை தன் பேனாவிலும் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று தெரியும். அதற்குப் பிறகு தன் மேலாளரிடம் போய் எந்த மீட்டிங் என்று கேட்பார், நியாயமாகவும் கேட்பார், அழுத்தமாகவும் கேட்பார்.

மாமாவுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மேகி லீனா வாக்கர் என்ற கறுப்பினப் பெண் 1903-இல் செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் வங்கியைத் தொடங்கினார், சேமித்தவர்களில் சலவைத் தொழிலாளிகளும் வீட்டு வேலைக்காரர்களும் நிறைய. டர்ஹாமின் பாரிஷ் தெருவில் கறுப்பினர் தொடங்கிய மெக்கானிக்ஸ் அண்டு ஃபார்மர்ஸ் வங்கி 1908-இல் கதவு திறந்தது. அந்தத் தலைமுறை தலைமைப் பொறுப்பைப் பழகியது சர்ச் கமிட்டியிலும் சங்கத்துக் கணக்குப் புத்தகத்திலும்தான், மாமாவும் டீக்கன் ஆனது அப்படித்தானே?

இறங்குவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசுக் காப்பீடு உள்ள எந்த கிரெடிட் யூனியன் என்றாலும் அதன் காலாண்டு அறிக்கையை, அவற்றைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான என்சியூஏவின் தளத்தில் யாரும் பார்க்கலாம். நிகர மதிப்பு விகிதம், அதாவது மொத்தச் சொத்தில் சொந்த மூலதனத்தின் பங்கு, 7 சதவீதத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் கிட்டேயே போக வேண்டாம். இயக்குநர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கம்பெனியில் முன் அனுமதி வாங்க வேண்டும். மாதத்தில் ஒரு சாயங்காலமும், காகிதம் படிக்க ஒரு சனிக்கிழமைப் பாதியும் போகும், அந்த நேரத்தில் குழந்தையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதை இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.

நேரே தேர்தல் என்றால் தயக்கமாக இருக்கும். ஃபெடரல் சார்ட்டர் உள்ளவற்றில் கண்காணிப்புக் குழு என்று மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட ஒன்று உண்டு, வருடாந்திரத் தணிக்கை அவர்கள் பொறுப்பு, அதற்குத் தேர்தல் கிடையாது, இயக்குநர் குழுவே நியமிக்கும். ஆள் கிடைக்காமல் தவிக்கும் இடம் அது. அங்கே ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டு வேட்பாளராகலாம். வேட்புமனு ஆண்டுக் கூட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும் என்பதால் இந்த வாரமே விசாரிக்கட்டும். கிரெடிட் யூனியனுக்குக் கடிதம் அவர் எழுதட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். இரண்டு வருடம் கழித்தும் எம்பிஏ வேண்டும் என்று அவருக்கே தோன்றினால், வேலையை விடாமல் கம்பெனிச் செலவில் மாலை வகுப்பு பார்த்துக்கொள்ளலாம், அப்போது எழுதுங்கள். உங்கள் அப்பாவை நீங்கள் சமாளியுங்கள். மாமியாரிடம் வீட்டு விஷயத்தைப் பேச வேண்டியது உங்கள் மனைவிதான்.