குடும்பப் படம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதக் கேள்வி பதில் பகுதியில், சென்னை மேற்கு மாம்பலத்தில் நெடுங்காலமாக ஸ்டுடியோ நடத்திவரும் குடும்பப் புகைப்படக்காரர் ஒருவர் நம் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

எல்லோர் கையிலும் நல்ல கேமரா உள்ள கைப்பேசி இருக்கும்போது, குடும்பப் படம் எடுத்துக்கொள்ள இன்னமும் யாராவது ஸ்டுடியோவுக்கு வருகிறார்களா?
வாசகர், பெரம்பூர்

வருகிறார்கள். முன்போல் அல்ல என்பதையும், கடை வாடகையைக் கட்டுவது பெரும்பாலும் பாஸ்போர்ட் அளவுப் படங்கள்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கைப்பேசிப் படங்களின் தரத்தைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. பத்துப் பேரை வரிசையாக நிறுத்திவிட்டுக் கிட்டத்தில் நின்று எடுத்தால், இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்களின் முகமும் தோளும் இழுபட்டு, உள்ளதைவிடப் பருமனாகத் தெரியும். நம் வீடுகளில் ஓரத்தில் நிற்பவர்கள் வழக்கமாக மருமகள்களே என்பதால், படத்தைப் பார்த்து வருத்தப்படும் முறையும் அவர்களுக்கே வந்து சேர்கிறது. நாலடி பின்னால் போய், சற்றுப் பெரிதாக்கி எடுத்தால் இந்தக் கோளாறு பெருமளவு தீர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை வீட்டில் உள்ள எவருக்கும் இல்லை என்பதுதான். வெளியாள் ஒருவன் சொன்னால் கேட்பார்கள். சொத்துப் பிரிவினைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசாத அண்ணனையும் தம்பியையும், "ஃபிரேமுக்குள் வரவில்லை, இன்னும் நெருங்கி நில்லுங்கள்" என்று சொல்லித் தோளோடு தோள் ஒட்ட வைத்திருக்கிறேன். ஃபிரேமில் இடம் தாராளமாகவே இருந்தது.

என் மாமனாருக்குச் சதாபிஷேகம் நடக்கவிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவர்களையும் சேர்த்துக் குடும்பத்தில் 18 பேர். எல்லோரையும் ஒரே படத்தில் எப்போது, எப்படி எடுப்பது?
வாசகி, மயிலாப்பூர்

முதலில் நேரத்தைச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான குடும்பப் படங்கள் கெடுவது அதில்தான். ஹோமப் புகையில் கண் சிவந்திருக்கும்போதும், கலச நீர் ஊற்றிப் பெரியவர்கள் நனைந்து நடுங்கும்போதும், சாப்பாட்டுப் பந்தி முடிந்து பாதிப்பேர் பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு மீதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போதும் குரூப் போட்டோ எடுக்கக் கூடாது. அபிஷேகம் முடிந்து புது வேட்டி, புதுப்புடவை உடுத்தி வந்தவுடன், பந்திக்கு முன்னால், கால் மணி நேரத்தைப் புரோகிதரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால், முதல் நாள் மாலை நான்கரை மணிக்குமேல் மொட்டைமாடியில் எடுப்பது இன்னும் நல்லது. சென்னை வெயில் காலை பத்து மணிக்கெல்லாம் உச்சிக்கு ஏறத் தொடங்கிவிடுவதால் கண்குழிகளில் நிழல் விழும்; அந்த நேரத்தில் வெளியே எடுத்தால் எல்லோரும் கோபமாக இருப்பதுபோல் தெரியும். பகலில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் மண்டபத்தின் முகப்பு நிழலுக்கு வந்துவிடுங்கள்.

அடுத்தது உட்கார வைப்பது. தம்பதியரை நடுவில் ஒரே உயரமுள்ள இரண்டு நாற்காலிகளில் அமர்த்துங்கள். மண்டபத்துச் சிம்மாசன நாற்காலி வேண்டாம். அதில் உட்கார்ந்தால் பெரியவர்களின் கால் தரையில் படாது, உடல் சரிந்துவிடும். பிள்ளைகளும் மருமக்களும் பின்வரிசையில் நிற்கட்டும், பேரக்குழந்தைகள் முன்னால் ஜமுக்காளத்தில் உட்காரட்டும். உயரமானவர்களை ஓரத்துக்குத் தள்ளாமல் நடுவுக்குச் சற்றுப் பக்கத்தில் நிறுத்துங்கள். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல்தான் பாதிப்பேர் விறைத்துப் போகிறார்கள்; நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் தோள் தானாக இறங்கும். மூக்குக்கண்ணாடி பளபளத்தால் அதைக் கழற்றச் சொல்லாதீர்கள், தினமும் கண்ணாடியோடு பார்த்த முகம் கண்ணாடி இல்லாமல் வேறு யாரோ போலத் தெரியும். காதுப் பக்கத்துக் கம்பியை நூலளவு உயர்த்தினால் பளபளப்பு கீழே இறங்கிவிடும்.

கைக்குழந்தைகள் முதலில் சோர்வார்கள் என்பதால் பெரிய குரூப்பை முதலில் எடுத்துவிட்டு, பிறகு குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள். இமைப்பவர்களைப் பற்றி ஆஸ்திரேலிய அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த இருவர் கணக்குப் போட்டுப் பார்த்து, 2006இல் வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக்நோபல் பரிசைப் பெற்றார்கள். இருபது பேருக்குக் குறைந்த கூட்டத்தில், வெளிச்சம் நன்றாக இருந்தால், ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து வரும் எண்ணிக்கையில் படங்கள் எடுத்தால் ஏறக்குறைய உறுதியாக ஒன்றிலாவது எல்லோர் கண்ணும் திறந்திருக்கும் என்பது அவர்கள் தந்த எளிய விதி. உங்கள் குடும்பத்துக்கு ஆறு. நான் இரண்டு மடங்கு எடுப்பேன். மயிலாப்பூர்க் குடும்பங்களில் படம் எடுக்கும் நொடியில் யாராவது ஒருவர் இன்னொருவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு வேண்டுகோள். அடுப்பங்கரையையும் பந்தியையும் மேற்பார்வை பார்க்கும் பெண்மணி, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே கடைசியாக ஓடிவந்து வரிசையின் நுனியில் நிற்பார். அவரை அங்கே விடாதீர்கள். அந்தப் பெண்மணி நீங்களாகவே இருந்தால், முன்கூட்டியே உங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த ஆல்பத்தின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காப்பாற்ற வழி உண்டா?
வாசகர், வேளச்சேரி

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் ஈரம் சொட்டும் ஆல்பங்களோடு பலர் ஸ்டுடியோ வாசலில் நின்றார்கள். பீரோவும் ஃபிரிட்ஜும் போனதைச் சொல்லும்போது வராத அழுகை, கல்யாண ஆல்பத்தைத் திறக்கும்போது வந்தது. அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். படத்தாளின் மேலுள்ள ஜெலட்டின் படலம் நீரில் ஊறி உப்பும், காயும்போது பக்கத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே நனைந்த ஆல்பத்தை அப்படியே காயவிடுவதுதான் அதற்கு வரும் பெரிய கேடு. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, படத்தின் மேற்பரப்பைத் தொடாமல், வெள்ளைத் துணியின் மேல் முகம் மேலே இருக்கும்படி பரப்பி, நிழலில் உலர்த்த வேண்டும். செய்தித்தாளின் மை படத்தில் ஏறும் என்பதால் அதன்மேல் பரப்பக் கூடாது. வெயிலில் வைத்தால் சுருண்டுவிடும். அன்றைக்கே செய்ய முடியாதென்றால், இடையிடையே பட்டர் பேப்பர் வைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிட்டால் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுடையவை ஏற்கெனவே காய்ந்து ஒட்டியவை என்று தோன்றுகிறது. இழுத்துப் பிரிக்காதீர்கள். தெரிகிற பக்கத்தை முதலில் கைப்பேசியிலாவது படமெடுத்து வையுங்கள். ரசாயனம் கொண்டு லேபில் கழுவிய பழைய படங்கள் தண்ணீரில் ஊறவைத்தால் சில வேளை பிரியும். வீட்டுப் பிரிண்டரில் மை தெளித்து அச்சிட்டவை கரைந்து போகக்கூடும் என்பதால் அவற்றை நனைக்கவே கூடாது. கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிய படத்தை உரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிடுவதே பத்திரம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் தெளிவாக இருக்க, பிறகு எடுத்த கலர் படங்கள் சிவந்துபோனது ஏன்?
வாசகர், கொளத்தூர்

கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. கலர் படத்தின் உருவம் சாயத்தால் ஆனது. அக்காலத்துக் கலர் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் வெளுத்ததால், சிவப்பு மிஞ்சிவிட்டது. ஸ்கேன் செய்து ஓரளவு மீட்கலாம். பரணிலும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரோரத்திலும் ஆல்பத்தை வைக்காதீர்கள்.

காசு கொடுத்து எடுத்த எங்கள் குழந்தையின் படத்தை, கேட்காமலேயே ஒரு ஸ்டுடியோ தன் விளம்பரப் பலகையில் போட்டிருக்கிறது. இது முறையா?
வாசகி, அண்ணா நகர்

முறையல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் பதிப்புரிமையாளர். பில்லின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஏதேனும் நிபந்தனை அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் எழுத்து மூலம் கேளுங்கள், எடுத்துவிடுவார்கள். நெகட்டிவோ மூலக் கோப்போ யாரிடம் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து வேறான விஷயம். அதை முன்பணம் கொடுக்கும்போதே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

என் தாயார், "எனக்குத் தனியாக ஒரு நல்ல படம் எடுத்து வை, நாளைக்குத் தேவைப்படும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எங்களுக்கு மனம் வரவில்லை. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று உறவினர்களும் சொல்கிறார்கள்.
வாசகர், திருவொற்றியூர்

எடுத்துவிடுங்கள், இந்த வாரமே எடுங்கள். ஆயுள் குறையும் என்ற பேச்சை என் தொழிலில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. அடிக்கடி படம் எடுத்துக்கொண்டு தொண்ணூறைத் தாண்டியவர்களையும் எனக்குத் தெரியும். அம்மா கேட்பது சாவைப் பற்றியது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். தனக்குப் பின்னால் வருபவர்களிடம் தன் முகம் எந்த நிலையில் போய்ச்சேர வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்ய அவர் விரும்புகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த உரிமையை மறுத்த வீடுகளிலிருந்து, காரியம் நடக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஆதார் அட்டையையோ, நாற்பது பேர் நிற்கும் கல்யாணப் படத்தையோ எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். பயறளவு முகத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் நிற்பவரின் தோளை அழித்து, இல்லாத காதை வரைந்து சேர்த்து நாங்களும் கொடுக்கிறோம். வாங்கிப் பார்ப்பவர்கள், "அம்மா மாதிரிதான் இருக்கு" என்பார்கள். அந்த "மாதிரி" எங்கள் இரு தரப்புக்கும் தெரிந்ததுதான்.

ஸ்டுடியோவுக்கு அலைக்கழிக்க வேண்டாம். வீட்டிலேயே வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், அவருக்குப் பிடித்த புடவையில் அமரச் சொல்லுங்கள். "சிரிங்கம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறந்த ஊரைப் பற்றியோ, முதல் பிரசவத்தைப் பற்றியோ பேச்சுக் கொடுத்துவிட்டு, அவர் பேசி நிறுத்தும் இடத்தில் எடுங்கள். ஒரு பாட்டி இடுப்பில் சாவிக்கொத்து தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். முகத்துக்கு மட்டும் ஒளி அமைத்திருந்த நான் முழுவதையும் மாற்றி, இடுப்பு வரை தெரியும்படி எடுத்தேன். நாற்பது ஆண்டு அந்த வீட்டின் நெல்லும் பணமும் அந்தக் கொத்துக்குள்தான் இருந்தனவாம். அவருடைய மருமகளே இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

சென்னையில் குடும்பப் படங்கள் எடுக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது?
கல்லூரி மாணவி, தாம்பரம்

புகைப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சென்னை அதில் ஊறிவிட்டது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். சென்னைப் புகைப்படச் சங்கம் 1857இல் தோன்றி இன்றும் இயங்கிவருகிறது. மவுண்ட் ரோடில் ஐரோப்பியர் நடத்திய ஸ்டுடியோக்களுக்கு முதலில் போனவர்கள் அதிகாரிகளும் ஜமீன்தார்களும்தாம்; பிறகே வக்கீல், வணிகர் குடும்பங்கள் வந்தன. பெண்கள் அந்நிய ஆண்முன் உட்காரத் தயங்கியதால், ஐதராபாத்தில் லாலா தீன் தயாள் 1892இல் பெண்களுக்கென்றே தனி ஸ்டுடியோ திறந்தார். தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேகரித்து எண்மப்படுத்தியிருக்கிறது. அந்தப் பழைய படங்களைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும் குறை ஒன்றுதான்: பட்டுக்கரையும் தலைப்பாகையும் அவ்வளவு தெளிவாக இருக்க, உட்கார்ந்திருப்பவர் யாரென்று பலவற்றில் எழுதப்படவில்லை. உங்கள் வீட்டுப் படங்களின் பின்புறத்தில் பெயர், உறவு, ஊர், ஆண்டு நான்கையும் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், எழுத்து முன்பக்கம் புடைக்கும்.

இத்தனை ஆண்டுத் தொழிலில் நீங்கள் யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறீர்கள்?
வாசகி, நங்கநல்லூர்

தொழில் கற்றுத்தந்த ஆசானுக்கும், நெகட்டிவில் கூர்மையான பென்சிலால் அம்மைத் தழும்புகளை ஆற்றித் தந்த டச்சிங் கலைஞருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் என் மனைவிக்குப் பட்ட கடன் பெரிது. கறுப்பு வெள்ளைப் படங்களை இருட்டறையில் ஹைப்போ கரைசலில் நிலைநிறுத்திய பிறகு, அந்த ஹைப்போ முழுவதும் போகும்வரை நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். மிச்சம் இருந்தால் சில ஆண்டுகளில் படம் மஞ்சளித்துவிடும். இந்த நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த கோடைகளில், லாரித் தண்ணீருக்கு விடியுமுன் குடங்களை வரிசையில் வைத்தவர் அவர். குளிக்கவும் துவைக்கவும் அளந்து செலவிட்ட வீட்டில், படம் அலசும் தொட்டிக்கு மட்டும் அவர் அளவு பார்க்கவில்லை. "ஜனங்க காசு கொடுத்திருக்காங்க" என்பதே அவர் சொன்ன ஒரே காரணம். அந்தக் கோடைகளில் அலசிய கல்யாணப் படங்கள் சில, நகல் எடுப்பதற்காக இப்போது பேரப்பிள்ளைகளின் கையில் ஸ்டுடியோவுக்குத் திரும்பி வருகின்றன. வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. வரும்போதெல்லாம் மனைவியைக் கடைக்கு அழைத்துக் காட்டுகிறேன். நெகட்டிவைப் பற்றி ஒன்றும் கேட்காமல், படத்திலிருப்பவர்கள் சௌக்கியமா என்றுதான் கேட்பார்.

மகன் கனடாவில், மகள் துபாயில் இருக்கிறார்கள். ஒன்றாகச் சேரவே முடியவில்லை. தனித்தனிப் படங்களைக் கணினியில் இணைத்துக் குடும்பப் படமாக்கித் தருவீர்களா?
வாசகர், கே.கே. நகர்

தருவேன். எல்லோரையும் ஒரே திசை வெளிச்சத்தில், கண் மட்டத்தில் கேமராவை வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளிச்சத்தின் திசை மாறினால் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் பொருந்தாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சிரிக்காதவரைச் சிரிக்க வைப்பதையும், உடம்பை இளைக்க வைப்பதையும் நான் செய்வதில்லை. படத்தின் பின்புறத்தில், இது இணைத்துச் செய்த படம் என்பதையும், யார் எந்த ஆண்டில் எந்த ஊரில் எடுத்தது என்பதையும் எழுதித்தான் கொடுப்பேன். அதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை விடுமுறை.